எடுத்தேன் கவிழ்த்தேன்: ‘இம்பல்சிவ்’ குணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இம்பல்சிவ் என்றால் என்ன? அவசரக்காரர் என்பதுதானே?

அவசரம் அதில் ஒரு பங்குதான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரும் அவசரத்தில்தான் இருக்கிறார். ஆனால் எதற்கு ஓடுகிறோம், விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இம்பல்சிவ் ஆளுக்கு ஒன்று தோன்றும். அதைச் செய்தால் என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போடுவதற்குள் கையோ வாயோ வேலையை முடித்திருக்கும்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றரை மணி. மைத்துனர் ஒரு வரி போடுகிறார், போன வாரக் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்பது பற்றி. பெயர் சொல்லவில்லை, ஆனால் யாரைச் சொல்கிறார் என்று குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். படித்ததும் உங்களுக்குக் காது சூடாகிறது. பழைய கதை இரண்டையும் சேர்த்து நான்கு வரி அடித்து அனுப்பியாயிற்று. டிக் விழுகிறது. இனி அழித்தாலும் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி அங்கேயே நிற்கும். அதற்குள் சித்தப்பா ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்.

கோபம் வருவதும், சுடச்சுடப் பதில் கொடுக்கத் தோன்றுவதும் எல்லோருக்கும் நடப்பவை. தோன்றுவதற்கும் செய்வதற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். சிலருக்கு அது எப்போதும் குறைவு; மற்றவர்களுக்குச் சில நேரங்களில் மட்டும் காணாமல் போகும். இந்தப் பக்கத்தில் பேசப்போவது அந்த இடைவெளியைப் பற்றி.

கோபக்காரர், கணக்கில்லாமல் செலவு செய்பவர், எதையும் பாதியில் விடுபவர் எல்லோரையும் இம்பல்சிவ் என்கிறார்களே?

என்கிறார்கள். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. வைட்சைட், லைனம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல், அதுவரை புழக்கத்தில் இருந்த கேள்வித்தாள்களை ஒன்றுசேர்த்து அலசினார்கள். கிடைத்தது ஒரே குணமல்ல, ஒன்றோடொன்று அவ்வளவாக ஒட்டாத நான்கு குணங்கள்.

முதலாவது, மனசு கொதிக்கும்போது மட்டும் கட்டுப்பாடு போவது. இவர் சாதாரண நாளில் பத்துக் கடை ஏறி விலை விசாரித்துத்தான் மிக்ஸி வாங்குவார். மேனேஜர் நாலு பேர் முன்னால் திட்டினால் அன்று மதியமே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவார். இரண்டாவது ரகத்துக்குக் கோபமே தேவையில்லை. முன்யோசனை என்பது பழக்கத்திலேயே இல்லை. சந்தோஷமாக, நிதானமாக உட்கார்ந்துகொண்டே ‘சரி, போட்டுடலாம்’ என்று சீட்டுக்குப் பெயர் கொடுப்பார், மாசம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பிறகுதான் கேட்பார். மூன்றாவது, சலிப்பு வந்ததும் விட்டுவிடுவது: வாங்கி மூலையில் வைத்த கீபோர்டு, மூன்றே வகுப்புப் போன ஹிந்தி டியூஷன். நான்காவது, த்ரில் தேடுவது. ஈசிஆர் ரோட்டில் நள்ளிரவில் பைக்கை முறுக்குகிறவருக்கு ஆபத்து தெரியாமல் இல்லை, ஆபத்துக்காகத்தான் போகிறார்.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தார்கள். நம் ஊரில் அதற்குத் திட்டு விழுவதே இல்லை. அது அளவுமீறிய சந்தோஷத்தில் கட்டுப்பாடு போவது. போனஸ் வந்த அன்று எல்லோருக்கும் ட்ரீட், தங்கைக்குச் செயின், நண்பனுக்குக் கைமாற்று என்று இருபதாம் தேதிக்குள் கணக்கில் ஒன்றும் மிஞ்சாமல் செய்வதும் இதே குடும்பம்தான். ‘தங்கமான மனசு’ என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும்.

இதில் தான் எந்த ரகம் என்று ஒருவர் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது. கொதிப்பில் தவறுகிறவருக்குச் சொல்லும் யோசனை, சலிப்பில் விடுகிறவருக்கு உதவாது.

திடீரென்று கிளம்பி பாண்டிச்சேரி போவதும் இதில் சேருமா? அதில் என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை. டிக்மன் என்ற உளவியலாளர் 1990-லேயே இதைப் பிரித்துச் சொன்னார்: உதவுகிற இம்பல்சிவ் உண்டு, கெடுக்கிற இம்பல்சிவ் உண்டு. நேரம் இல்லாத இடத்தில் சட்டென்று முடிவெடுத்து அதில் பலன் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ரோட்டில் ஒருவர் விழுந்து கிடந்தால் நாலு பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது ஆள் ஓடிப்போய்த் தூக்குகிறார் அல்லவா, அவரை யாரும் குறை சொல்வதில்லை.

எனக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்றுதான்: மறுநாள் காலையில் திருத்த முடியுமா? பாண்டிச்சேரி போய் வந்தால் சட்டை கசங்கும், ஒரு நாள் லீவு போகும். யாரோ சொன்னார்கள் என்று பார்க்காத மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தால் அது வேறு கதை.

மூளையில் என்ன நடக்கிறது?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் கதை ஃபினியஸ் கேஜுடையது. 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவன்டிஷ் என்ற ஊர். ரயில்பாதை போடப் பாறைக்கு வெடி வைக்கும் வேலை. கேஜ்தான் மேஸ்திரி, வயது 25. துளையில் வெடிமருந்தை இடித்து இறுக்கும்போது அது வெடித்துவிட்டது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி, இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. ஆள் சாகவில்லை. சிறிது நேரத்தில் பேசினார், நடந்தார்.

பொறுப்பானவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர் பிறகு வாய்க்கு வந்ததைப் பேசுகிறார், திட்டம் போட்டு உடனே கைவிடுகிறார், இவர் பழைய கேஜே இல்லை என்று சிகிச்சை செய்த டாக்டர் ஹார்லோ எழுதிவைத்தார். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. ஆனால் கேஜ் அதற்குப் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகள் பூட்டிய வண்டி, நேரத்துக்குக் கிளம்ப வேண்டிய வேலை. கட்டுப்பாடு அடியோடு போன ஆளால் அது முடியாது. 1860-இல் இறந்தார். மூளையில் அந்தப் பகுதி அடிபட்டால் நிதானம் குலையும் என்பதற்கு அவர் உதாரணம். தினப்படி ஒழுங்கு உள்ள ஒரு வேலையில் இருந்தால் அது ஓரளவு மீளவும் கூடும் என்பதற்கும் அவரேதான் உதாரணம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள்.

பையனுக்கு பதினாறு வயது. வீட்டில் ஒழுங்காகத்தான் இருக்கிறான். நண்பர்களோடு சேர்ந்தால் என்ன செய்வான் என்றே தெரியவில்லை.

நீங்கள் கவனித்திருப்பது சரியான விஷயம். மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். ஆனால் விஷயம் வயதோடு முடியவில்லை. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதினர், கல்லூரி மாணவர்கள், பெரியவர்கள் என்று மூன்று கூட்டத்தாரைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவைத்தார்கள். சிவப்பு விளக்கு எப்போது விழும் என்று தெரியாது. துணிந்து போனால் புள்ளி, மாட்டினால் நஷ்டம். நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது பதின்வயதினர் எடுத்த ரிஸ்க் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

ஆகவே பையனைத் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவதில் பெரிய பலன் இருக்காது. தனியாக இருக்கும்போது அவனுக்கு எல்லாம் புரிகிறது. உங்களிடம் தலையாட்டுவதும் பொய்யில்லை. லைசென்ஸ் வருகிற வயது வரை வண்டிச் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். வந்த பிறகும் இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு போவதற்கு மட்டும் தடை போடுங்கள். ‘எங்கப்பா விடமாட்டார்’ என்று சொல்ல அவனுக்கும் ஒரு சாக்கு வேண்டும். அதை நீங்கள் கொடுப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

மிட்டாயைத் தின்னாமல் காத்திருக்கும் குழந்தைதான் பிற்காலத்தில் ஜெயிக்கும் என்கிறார்களே. என் குழந்தை ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காது.

மார்ஷ்மெல்லோ சோதனையைச் சொல்கிறீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில், 1960-களின் கடைசியில் வால்டர் மிஷல் தொடங்கியது. மேஜையில் ஒரு தின்பண்டம். ‘நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்’ என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார், அதிகபட்சம் 15 நிமிடம். காத்திருந்த குழந்தைகள் பிறகு படிப்பில் நன்றாக வந்தார்கள் என்று தொடர் ஆய்வுகள் சொன்னபோது, உலகம் முழுக்கப் பெற்றோர்கள் வீட்டிலேயே மிட்டாயை வைத்துப் பிள்ளைகளைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பல்கலைக்கழக வளாகத்துப் பள்ளி என்பதால் அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் வசதியான, படித்த வீட்டுப் பிள்ளைகள். 2018-இல் பல தரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது, காத்திருத்தலுக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வீட்டு நிலைமையையும் கணக்கில் சேர்த்ததும் இன்னும் சுருங்கிப்போனது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2013-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்தது. சின்ன ஆய்வுதான், 28 குழந்தைகள். சோதனைக்கு முன்னால் ‘நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லிப் போனவர், பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் ‘இல்லையாம்’ என்று வெறுங்கையோடு வந்து நின்றார். அப்புறம் மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம்தான். நாளைக்கு என்று சொன்னால் நாளைக்கு வராது என்று பட்டுத் தெரிந்த குழந்தை இன்றைக்கே தின்பது புத்திசாலித்தனம் அல்லவா? அதற்கு இம்பல்சிவ் என்று பட்டம் கட்டும் முன், ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இன்டர்நெட்டில் டெஸ்ட் எழுதினேன், மார்க் அதிகம் வந்தது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். பாராட் அளவுகோல் மாதிரி ஆய்வில் பயன்படும் முறையான கேள்வித்தாள்கள் உண்டு. 1995-இல் வந்த அதன் பதிப்பில் 30 கேள்விகள். அவையும் குணத்தை அளக்குமே தவிர, நோய் இருக்கிறது என்று சொல்லாது. அந்த வாரம் வீட்டில் சண்டை என்றால் மார்க்கும் ஏறத்தான் செய்யும்.

அப்படியானால் எப்போது நோய்?

இம்பல்சிவ் என்பது தனியாக ஒரு நோயின் பெயர் அல்ல. சில நிலைமைகளில் இது ஓர் அறிகுறியாக வரும். ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு-அதீதத் துறுதுறுப்புக் கோளாறில் வருவது நிறையப் பேருக்குத் தெரியும்: கேள்வி முடியும் முன் பதில், வரிசையில் நிற்க முடியாமை, அடுத்தவர் பேச்சில் புகுவது. அதைச் சொல்ல வேண்டுமானால் 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் போதாது, வீட்டிலும் பள்ளியிலும் அல்லது வேலையிலும் தெரிய வேண்டும். கணக்கு வாத்தியார் வகுப்பில் மட்டும் தெரிகிற ஏடிஎச்டி என்று ஒன்று இல்லை. தேவையே இல்லாத பொருளைத் திருடாமல் இருக்க முடியாத கிளெப்டோமேனியா, சின்ன விஷயத்துக்குத் திரும்பத்திரும்பப் பொருளை உடைக்கும் அளவு கோபம் வெடிக்கும் கோளாறு ஆகியவையும் மருத்துவக் கையேடுகளில் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட நான் கவனிக்கச் சொல்வது திடீர் மாற்றத்தை. ஆயுள் முழுக்கச் சிக்கனமாக இருந்த மனிதர் அறுபது வயதில் திடீரென்று பணத்தை இறைக்கிறார், மருமகள் முன்னால் கூசாமல் பேசுகிறார் என்றால் ‘வயசானா புத்தி போயிடும்’ என்று விடக் கூடாது. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோய் இப்படித்தான் தொடங்கும்; மறதி பிறகுதான் வரும். தூக்கமே இல்லாமல் நாலைந்து நாள் உற்சாகமாகத் திரிந்து கடன் வாங்குவது மேனியா என்ற மனநிலைக் கோளாறாக இருக்கலாம். பார்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளால் சிலருக்குச் சூதாட்ட ஆசையும் வாங்கிக் குவிக்கும் ஆசையும் வருவதுண்டு. வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவார் அல்லது அளவைக் குறைப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ராத்திரி ஆன்லைனில் ஏதாவது வாங்கிவிடுகிறேன். மனக்கட்டுப்பாடு வளர என்ன செய்வது?

மனக்கட்டுப்பாட்டை ஓரமாக வையுங்கள். ஒரு பொத்தானைத் தொட்டால் வாங்கியாயிற்று என்று இருப்பது தற்செயல் இல்லை. யோசிக்க நேரம் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ‘இன்னும் 2 மட்டுமே இருக்கிறது’ என்ற சிவப்பு எழுத்தும் அதற்குத்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு உங்கள் இடைவெளியைக் குறைக்க ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது, நள்ளிரவில் களைத்த மனசோடு தனியாகப் போராடி ஜெயிப்பது கஷ்டம்.

ஆகவே தடையை மனசுக்கு வெளியே வையுங்கள். செயலியில் சேமித்த கார்டு எண்ணை நீக்குங்கள். ஒவ்வொரு முறையும் பர்ஸை எடுக்க எழுந்திருக்க வேண்டும் என்றாலே பாதி ஆர்டர் நின்றுவிடும். யுபிஐ-க்கு என்று குறைந்த இருப்பு உள்ள தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிடித்ததைக் கார்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்; காலையில் காபிக்குப் பிறகும் வேண்டும் என்றால் வாங்குங்கள்.

அரசாங்கமும் இதே வழியில் போனது உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை உள்நுழையவே முடியாதபடி தமிழ்நாடு 2025-இல் விதி போட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஜூனில் விதி செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசே அந்த வகை விளையாட்டுகளுக்கு மொத்தமாகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தடை சரியா என்பதில் எனக்கு இரண்டு மனசு உண்டு. இரவு ஐந்து மணி நேரம் கதவைச் சாத்தியது நல்ல யோசனை என்பதில் சந்தேகம் இல்லை.

கோபத்தில் பத்து வரை எண்ணினால் போதுமா?

எண்ண வேண்டும் என்று அந்த நேரத்தில் ஞாபகம் வந்தால் போதும். வராது, அதுதான் சிக்கல். ‘இனிமேல் பொறுமையாக இருப்பேன்’ என்ற பொது முடிவைவிட, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது நன்றாக வேலை செய்கிறது என்று கோல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். அதாவது: மைத்துனர் குரூப்பில் ஏதாவது போட்டால், நான் பதிலை என் சொந்த எண்ணுக்கு அனுப்புவேன். மாமியார் சமையலைக் குறை சொன்னால், தண்ணீர் எடுக்கப் போவேன். அற்பமாகத் தெரியும், அற்பமாக இருப்பதால்தான் செய்ய முடிகிறது. மிட்டாய்ச் சோதனையில் அதிக நேரம் தாங்கிய குழந்தைகள் பலர் செய்ததும் இவ்வளவுதான்: முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள்.

வங்கியில் பேச்சுக்கு மயங்கி இன்ஷூரன்ஸ் பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவ்வளவுதானா?

இல்லை. பாலிசிப் பத்திரம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். முத்திரைத்தாள், மருத்துவப் பரிசோதனை, அதுவரையிலான காப்பு ஆகியவற்றுக்கான தொகை போக மீதி திரும்ப வரும். மொபைல் செயலிக் கடன்களுக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, அபராதமின்றித் திருப்பிக் கட்டிவிட ஆரம்பத்தில் ஒரு குறுகிய அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்று கடன் பத்திரத்தில் போட்டிருக்கும். ‘இனி ஒன்றும் செய்ய முடியாது சார்’ என்று கவுன்டரில் சொன்னால், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள்.

ஒரு நொடி ஆவேசத்தில் உயிரை மாய்த்துக்கொள்பவர்களும் உண்டா?

உண்டு. எல்லாத் தற்கொலையும் திடீர் முடிவு அல்ல; நெடுநாள் மனச்சோர்வின் முடிவாகவும் நடக்கிறது. ஆனால் சண்டை நடந்த சில நிமிடங்களில் எடுக்கும் முடிவுகளும் நிறைய. அந்த வேகம் தணியும்வரை ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் பிழைக்கிறார்கள், பிறகு உதவியும் பெறுகிறார்கள். இலங்கை இதற்குப் பெரிய சாட்சி. கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளை அங்கே படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995-க்கும் 2015-க்கும் இடையில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை. அந்த மக்களின் குணம் இருபது வருஷத்தில் மாறிவிடவில்லை. கைக்கு எட்டிய பொருள்தான் மாறியது.

வீட்டில் பூச்சிமருந்தோ, அளவுக்கு மேல் மாத்திரையோ இருந்தால் இன்றே பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். உங்களுக்கே அப்படி எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அல்லது இந்தியாவில் 14416 (டெலிமானஸ்), இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்களை அழையுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம்.

கணவர் இப்படிப்பட்டவர். ஒவ்வொரு முறையும் பிறகு மன்னிப்புக் கேட்கிறார். நான் என்ன செய்வது?

வருந்துவது உண்மையாக இருக்கலாம். ஆனால் வருத்தத்தை அளக்காதீர்கள், ஏற்பாட்டை அளந்து பாருங்கள். பெரிய தொகைக்கு இருவர் கையெழுத்து வேண்டும் என்று கணக்கை மாற்ற ஒத்துக்கொண்டாரா, குடித்தால்தான் வாய் நீள்கிறது என்றால் குடியைப் பற்றிப் பேசத் தயாரா என்று பாருங்கள். சண்டை நடக்கும்போது திருத்தப் போகாதீர்கள். அந்த நேரத்துப் பேச்சு எண்ணெய்தான். கை நீட்டுகிறார் என்றால் அது இந்தப் பக்கத்துக் கேள்வியே அல்ல. முன்கோபம் என்று அதற்குப் பெயர் வைக்க வேண்டாம். பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். மேனேஜர் முன்னால் அடங்கி நிற்கிற கோபம் வீட்டில் மட்டும் அடங்காது என்பதை நம்பத் தேவையில்லை.

மருந்து இருக்கிறதா? எங்கே போவது?

காரணத்தைப் பொறுத்தது. ஏடிஎச்டி என்று உறுதியானால் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன. மனநல மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. கொதிப்பில் தவறுகிறவர்களுக்கு மருந்தைவிடப் பயிற்சி சார்ந்த சிகிச்சை முறைகள் அதிகம் உதவும். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், 1794-இல் தொடங்கியது. அங்கே புறநோயாளியாகப் போய்விட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் தடவை போகும்போது கூட வாழ்கிற ஒருவரை அழைத்துப் போங்கள். எத்தனை வயதிலிருந்து இப்படி, எந்த நேரத்தில் அதிகம் என்று டாக்டர் கேட்பார். அதற்குக் கூட வாழ்கிறவருக்குத்தான் சரியான பதில் தெரியும்.